முத்திரிக் கிணற்றுத் தண்ணீர் எதைக் கழுவுகிறது?



தென்குமரியில் ஒரு நிழல் தாங்கல். மாலை உகப்படிப்பு முடிந்து, நாமம் வாங்கிக்கொண்டு மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பணிவிடைக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏ மக்கா, ஒரு காரியம் கேக்கணும். எம் பேத்தி கல்யாணத்துக்கு முன்னால ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டா. மாப்பிள்ளை வீட்டுல அப்படித்தான் வேணும்னாங்க. இப்ப மாசி இருபதுக்கு பதிக்கு வரணும்னு சொல்லுதா. முத்திரிக் கிணத்துல குளிப்பாட்டினா அந்த ஞானஸ்நானம் போயிருமா? போவலன்னா அவளை உள்ள கூட்டிட்டுப் போவலாமா?"

பணிவிடைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன் பாட்டி" என்று மட்டும் சொன்னார். அது தட்டிக்கழித்த பேச்சு அல்ல. பாட்டி கேட்டது சின்னக் கேள்வி இல்லை என்று அவருக்குப் பட்டது. ஒரு தண்ணீர் இன்னொரு தண்ணீரைக் கழுவுமா என்பது அதன் மேல்பக்கம். ஒருவர் தலையில் தண்ணீர் படும்போது அவரிடம் இருந்து போவது என்ன, வந்து சேர்வது என்ன என்பது அதன் அடிப்பக்கம். அன்புக்கொடி மக்கள் சாமிதோப்புக்குப் போய் முத்திரிக் கிணற்றில் குளிக்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் எதைக் கழுவுகிறது என்று நின்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பிறர் செய்யும் சடங்கைப் பற்றிப் பேசுவதானால், அவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே முதலில் கேட்டுக்கொள்வதுதான் முறை. யோவான் என்ற துறவி யோர்தான் ஆற்றங்கரையில் நின்று, மனம் திருந்தி வந்தவர்களைத் தண்ணீரில் முழுக்காட்டினார். இயேசுவும் அவர்களோடு வரிசையில் வந்து அவரிடம் முழுக்குப் பெற்றார் என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. அதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அமிழ்த்துதல், முக்கி எடுத்தல் என்றே பொருள். தமிழில் ஞானஸ்நானம் என்றும் திருமுழுக்கு என்றும் சபைக்குத் தக்கபடி சொல்கிறார்கள். கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் வார்ப்பார்கள். பெந்தெகொஸ்தே சபையார், வளர்ந்தவர் தாமே அறிந்து அறிக்கை செய்து, முழு உடம்பும் தண்ணீருக்குள் போய் எழுந்தால்தான் செல்லும் என்பார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒரு சாவாகவே பேசுகிறார். பழைய ஆள் தண்ணீரில் புதைந்து போகிறான், எழுந்து வருகிறவன் வேறு ஆள். பிறப்பு ஒருமுறைதான் என்பதால் இந்த முழுக்கும் ஒருவருக்கு ஆயுளில் ஒரே முறைதான்.

இந்தப் பேச்சு அய்யாவின் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றக் கூடாது. கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம், அதாவது 1833-இல், நோயுற்றுக் கிடந்த முத்துக்குட்டியைத் தாய் வெயிலாள் திருச்செந்தூருக்குக் கொண்டு போனார். அவர் கடலுக்குள் நடந்து போனார். மூன்றாம் நாள் அலையை விலக்கி வெளியே வந்தார். கரையில் அழுதபடி நின்ற தாயிடம், தாம் இனி அவர் மகன் அல்ல, நாராயணரின் மகன் என்று சொன்னார். போனவர் முத்துக்குட்டி, வந்தவர் வைகுண்டர். தண்ணீருக்குள் பழையது முடியும், புதியது பிறக்கும் என்பதை அன்புக்கொடி மக்கள் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாசி 20 என்ற நாளே அதற்காகத்தான்.

ஆகையால் பேத்தி எடுத்துக்கொண்ட ஞானஸ்நானத்தை இழிவாகப் பேச வழியில்லை. இந்த மண்ணில் அது எப்படி வந்தது என்று பார்த்தாலும் இழிவாகப் பேச முடியாது. 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து மீனவ மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் கொடுத்ததாகவும், கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போனதாகவும் அவருடைய கடிதங்களில் இருக்கிறது. பிறகு மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூருக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று வந்தார். அவர் வழியாக ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். அதிகாலையில் நடந்து புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சாமிதோப்பிலிருந்து போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது மயிலாடி. முத்துக்குட்டி பிறந்தது 1809-இல். அவர் வளர்ந்த காலம் முழுவதும் ஞானஸ்நானம் என்ற பேச்சு அக்கம்பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தது.

ஏன் அவ்வளவு பேர் போனார்கள்? கூலிக்குப் போனார்கள், ஆசை காட்டி இழுத்தார்கள் என்று சொல்வது எளிது. போனவர்களில் சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கோவில் வாசலை எட்டிப் பார்க்கவும் முடியாத ஒருவருக்குச் சபைப் பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். அந்தப் பெயரை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட்டார். பிள்ளைக்கு எழுத்து வந்தது. மார்பை மூடக் கூடாது என்று அடிக்கப்பட்ட பெண்ணுக்கு மேலாடை போடலாம் என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். அந்த மேலாடைக்காக 1859-ஆம் ஆண்டு அரசு உத்தரவு வரும்வரை எத்தனை அடி, எத்தனை தீவைப்பு! பட்டினி கிடந்தவன் எந்த வீட்டில் சோறு கிடைத்தது என்பதற்காக அவனைப் பழிப்பது தர்மம் ஆகாது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. அந்தத் தண்ணீர் சாதியைக் கழுவியதா? நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். அங்கே கட்டிய கத்தோலிக்கக் கோவில், கால்சட்டை போல இரண்டு காலாகப் பிரிந்து, உச்சியில் பலிபீடத்தில் சேர்கிற வடிவில் கட்டப்பட்டது. ஒரு காலில் வெள்ளாளர், மறுகாலில் நாடார். நடுவில் சுவர். இரு பக்கத்தாரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே தண்ணீர், ஒரே மந்திரம், ஒரே பெயர்ப் பட்டியல். ஆனாலும் ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படக் கூடாது. அந்தச் சுவரை இடிக்க 1910-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பாதிரியார் துணிய வேண்டியிருந்தது. அதற்கும் வழக்கும் வம்பும் வந்தன.

இதைப் படிக்கும்போது மனதுக்குள் ஒரு சின்னத் திருப்தி எழுமானால், அதை அங்கேயே நிறுத்த வேண்டும். இதே கேள்வி முத்திரிக் கிணற்றையும் பார்த்துத் திரும்பி வரும்.

அய்யா வாழ்ந்த காலத்துத் திருவிதாங்கூரில் குளியல் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முத்திரிக் கிணற்றின் பொருள் விளங்காது. அழுக்குப் போகக் குளிப்பது ஒன்று, தீட்டுப் போகக் குளிப்பது இன்னொன்று. நம்பூதிரிப் பிராமணரிடமிருந்து நாடார் 36 தப்படி தள்ளி நிற்க வேண்டும், புலையர் அதைவிடவும் அதிகத் தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். தவறிப்போய்க் கிட்டே வந்துவிட்டால், தள்ளி நிற்கத் தவறியவனுக்கு அடி. கிட்டே வரப்பட்டவருக்குக் குளியல். அந்தக் குளியலில் அவர் கழுவியது எதை? தன் உடம்பில் இருந்த மண்ணையா, வியர்வையையா? இல்லை. இன்னொரு மனிதனை. எதிரே வந்த ஓர் உயிரைத் தன் மேலிருந்து கழுவித் தள்ளினார். அந்த நாட்டில் தண்ணீர் வேலியாக இருந்தது. மேல் என்று சொல்லிக்கொண்டவரின் குளத்தில் கீழ் என்று சொல்லப்பட்டவர் இறங்க முடியாது, அவர் கிணற்றில் வாளி போட முடியாது.

அந்த வேலியின் உச்சியில் அரசனின் குளியல் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர்கள் இரணியகர்ப்பம் என்று ஒரு சடங்கு செய்தார்கள். பொன்னால் பெரிய பாத்திரம் செய்து, அதில் பஞ்சகவ்யம் நிரப்பி, வேதியர் மந்திரம் ஓத, அரசர் அதற்குள் இறங்கி மூழ்கி எழுவார். பொன் கருப்பையில் இருந்து மறுபடி பிறந்தவர் ஆகி, உயர்குலத்து மன்னராகக் கணக்கில் சேர்வார். பிறகு அந்தப் பொன் பிராமணர்களுக்குத் தானமாகப் போகும். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? பனை ஏறியவன் தலைவரியிலிருந்தும், ஓலைக்கும் ஏணிக்கும் போட்ட வரியிலிருந்தும் எல்லாம் சேர்ந்து வந்ததுதான். ஆக அங்கே மறுபிறப்பும் ஒரே ஒருவருக்குத்தான், அதற்கும் செலவு கட்டியவன் கிட்டே வரக் கூடாது.

அய்யா வைகுண்டர் இந்த நாட்டில் நின்றுகொண்டுதான் சடங்குகளை எடுத்துப் பார்த்தார். பலி வேண்டாம் என்றார். பேய்க்குப் படைப்பது வேண்டாம் என்றார். காணிக்கை, கைக்கூலி, பூசாரி, உருவம் எல்லாவற்றையும் தள்ளினார். பள்ளியறைக்குள் கண்ணாடியை வைத்தார், வந்து நிற்பவர் தம்மையே பார்த்துக்கொள்ளட்டும் என்று. இத்தனையையும் தள்ளியவர் குளியலை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார்? அதுவும், அந்த நாட்டில் மனிதரை மனிதர் ஒதுக்கப் பயன்பட்ட கருவியே குளியலாக இருந்தபோது?

இந்தக் கேள்விக்குச் சட்டென்று வரும் பதில் ஒன்று உண்டு. தாழ்ந்தவர் என்று சொல்லப்பட்ட மக்களைச் சுத்தமாக இருக்கப் பழக்கினார் என்பார்கள். துவையல் தவசை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து 1839-இல் வெளிவந்த பிறகு அய்யா எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதிக் கடற்கரைக்கு அனுப்பினார். அங்கே அவர்கள் நாளைக்கு மூன்று வேளை துணி துவைத்து, மூன்று வேளை கடலில் குளித்து, ஒருவேளை மட்டும் உண்டு, மீனும் புலாலும் தொடாமல் இருந்தார்கள். பிறகு முட்டப்பதிக்குப் போய் அங்கும் அதைத் தொடர்ந்தார்கள். ஊரார் அவர்களைத் துவையல் பண்டாரங்கள் என்று அழைத்தார்கள்.

சுத்தப் பழக்கம் என்பது பொய்யல்ல. ஆனால் அதோடு நிறுத்தினால், நீ அழுக்கு என்று மேல்சாதி சொன்ன குற்றச்சாட்டை அய்யாவே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அழுக்கு என்றதும் பயந்து, கழுவிக்கொண்டு, இப்போதாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது போல ஆகிவிடும். துவையல் தவசு அப்படி நடக்கவில்லை. அந்த எழுநூறு குடும்பத்தாரின் வெள்ளையைப் பார்த்துச் சான்று சொல்ல எந்த நம்பூதிரியும் கூப்பிடப்படவில்லை. கரையேறி வந்ததும் எந்தக் கோவில் கதவையும் அவர்கள் தட்டவில்லை. எழுநூறு குடும்பம் ஒரே கடலில் இறங்கியது, ஒரே சோற்றைத் தின்றது. அடிபட்ட மக்கள் ஒருவரை ஒருவர் முகம் பார்த்து ஓர் ஊராக இருந்து பழகிய காலம் அது. பேய்க்குப் பயந்த பயம், அதிகாரிக்குப் பயந்த பயம், தன் உடம்பையே குறைவாக எண்ணிய எண்ணம், இவையெல்லாம் உப்புத் தண்ணீரில் கரைந்தன. அதைக் கழுவத்தான் அத்தனை நாளும் அத்தனை முழுக்கும் தேவைப்பட்டன. துணி அழுக்கு என்றால் ஒரே துவைப்பில் போயிருக்கும்.

முத்திரிக் கிணறும் அதே காரியத்துக்காகவே. சாமிதோப்பில் அந்தக் கிணற்றைச் சுற்றி வந்து நின்றவர்களிடம் யார் எந்தச் சாதி என்று கேட்கப்படவில்லை. பதினெட்டுச் சாதிக்கும் அது ஒன்றே கிணறு. ஒருவர் இறைத்தார், அடுத்தவர் குளித்தார், அதையே பதமாகக் கையில் வாங்கிக் குடித்தார்கள். பிறகு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். கிணறும் பந்தியும் இரண்டு சடங்கு அல்ல, ஒரே சடங்கின் இரண்டு பாதி. வேலியாக இருந்த தண்ணீரை அய்யா வாசலாக மாற்றிவிட்டார். இன்னொரு மனிதனைத் தன் மேலிருந்து கழுவித் தள்ள உதவிய அதே குளியல், அவன் தொட்ட தண்ணீரைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் குளியலாக ஆகிவிட்டது.

இங்கே படித்தவர்கள் ஒரு தடை எழுப்புவார்கள். எல்லாரும் ஒன்று என்பது மனசில் இருந்தால் போதாதா, அதற்குக் கிணறும் வாளியும் எதற்கு என்பார்கள். சித்தர்களும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். முழுக்கினால் வீடுபேறு உண்டென்றால் தண்ணீரிலேயே கிடக்கும் மீனுக்கும் தவளைக்கும் அல்லவா முதலில் கிடைக்க வேண்டும்! நியாயமான கேள்வி. முழுக்கே பாவம் போக்கும் என்று நம்பி ஆற்றுக்கும் கடலுக்கும் ஓடுகிறவருக்கு அது சரியான அடி.

ஆனால் சாதி எங்கே குடியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். அது நினைப்பில் மட்டும் இருந்தால் நினைப்பை மாற்றினால் போதும். அது கையில் இருக்கிறது. எல்லாரும் சமம் என்று மேடையில் பேசிவிட்டு வருகிற மனிதர், தண்ணீர்த் தம்ளரை நீட்டும்போது அவர் விரல் ஒரு நொடி பின்வாங்கும். வாய் பேசுவது ஒன்று, கை செய்வது ஒன்று. அவருக்கே அது தெரியாது. சிறுவயதில் அம்மாவும் பாட்டியும் செய்ததைப் பார்த்துக் கை கற்றுக்கொண்ட பாடம் அது. கை கற்றதைக் கைதான் மறக்க வேண்டும். உபதேசத்தால் அது மறக்காது. இன்னொருவர் இறைத்த தண்ணீரைத் தலையில் வாங்கி, அதையே குடித்து, பக்கத்தில் யார் என்று பாராமல் இலையில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பழகினால்தான் மறக்கும். அதனால்தான் இந்தக் குளியல் ஒருமுறையோடு முடிவதில்லை. கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானம் பிறப்பைப் போன்றது, ஆகவே ஒருமுறை. முத்திரிக் கிணற்றுக் குளியல் சாப்பாட்டைப் போன்றது. நேற்று உண்டோம் என்று இன்று விட முடியாது. கை மறுபடி பழைய பாடத்துக்குப் போகும், மறுபடி வந்து குளிக்க வேண்டும்.

இது அய்யாவழிக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1699-இல் ஆனந்தபூரில் குரு கோவிந்த் சிங் இரும்புப் பாத்திரத்தில் சர்க்கரைத் தண்ணீரை வாளால் கலக்கி, வெவ்வேறு சாதியில் பிறந்த ஐந்து பேருக்கு ஒரே பாத்திரத்திலிருந்து கொடுத்தார். பிறகு அவர்கள் முன்னால் மண்டியிட்டுத் தாமும் அவர்கள் கையால் அதையே வாங்கிக் குடித்தார். குருவே சீடன் கையால் வாங்கிக் குடித்தது பெரிய காரியம். சீக்கியருக்கும் அந்தத் தண்ணீரோடு ஒரே பந்திச் சோறு உண்டு. இதற்கு நேர் எதிரான ஒரு பாடமும் நாகர்கோவிலிலேயே இருக்கிறது. இரட்சணிய சேனையார் கிறிஸ்தவர்களே, ஆனால் அவர்களுக்கு ஞானஸ்நானச் சடங்கு கிடையாது. உள்ளம் மாறினால் போதும் என்று தண்ணீரை விட்டவர்கள். அவர்கள் வடசேரியில் வைத்த ஆஸ்பத்திரியில் இந்தச் சீமையின் ஏழை எளியவர்கள் எத்தனையோ தலைமுறை வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். புண்ணைத் தொட்டுக் கழுவுகிற கைக்குத் தனியாக முழுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்வது கடினம்தான். தண்ணீர் இருந்து அந்தக் கை இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதே அன்புக்கொடி மக்கள் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கவலைப்பட இடமும் இருக்கிறது. முத்திரிக் கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் அடைத்துக் காரில் கொண்டுபோய், நோய்க்கும் கடனுக்கும் பரீட்சைக்கும் வீட்டில் தெளிப்பவர்கள் உண்டு. அய்யா மண்ணும் தண்ணீரும் கொடுத்து நோய் தீர்த்தார், அதனால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே வீட்டில் தேங்காய் பறிக்க வருகிறவருக்குக் கொல்லைப்புறத்தில் தனித் தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தால், தெளித்த தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் தாங்கல் வாசலில் தர்மச் சோறு வாங்க நின்றால், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படுகிறதா இல்லையா? பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது தலைப்பாகை கட்டிய தலை எந்தப் பக்கம் திரும்புகிறது? வடக்கன்குளத்துச் சுவரைச் செங்கல்லால் கட்டினார்கள், அதனால் அதை இடிக்க முடிந்தது. செங்கல் இல்லாமல் கட்டிய சுவரை இடிக்கக் கடப்பாரை உதவாது.

மறுநாள் பணிவிடைக்காரர் பாட்டி வீட்டுக்கே போனார். பேத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"பாட்டி, முத்திரிக் கிணறு அழுக்கைத்தான் கழுவும். அவ எடுத்த ஞானஸ்நானம் அழுக்கு இல்ல. அதனால அது போவாது, போவவும் வேண்டாம்" என்றார்.

"அப்ப அவ அப்படியே உள்ள வரலாமா?"

"எல்லாரும் குளிச்சிட்டுத்தானே போறோம். அவளும் குளிப்பா. நீங்களும் குளிப்பீங்க. அவளுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல."

பாட்டிக்கு இதில் திருப்தி வரவில்லை. பேத்தி உள்ளே போன பிறகுதான் மெல்ல உண்மையைச் சொன்னார். "அது மட்டும் இல்ல மக்கா. அந்த மாப்பிள்ளை நம்ம ஆளு இல்ல பாத்துக்கோ. வேற சாதி. நல்ல பையன்தான். ஆனா மனசு ஒப்பல."

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வெளியிலிருந்து வந்தார். பாட்டியே எழுந்து அடுக்களைக்குள் போய்த் தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்தார். பணிவிடைக்காரருக்கு எவர்சில்வர் தம்ளரில். மாப்பிள்ளைக்குக் காகிதக் கோப்பையில். மாப்பிள்ளை சிரித்தபடி வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கசக்கித் தானே கொண்டுபோய் வெளியே போட்டார். பழகிப்போன ஆள் செய்வது போல இருந்தது.

பணிவிடைக்காரர் தம் தம்ளரைத் தொடாமல் வைத்திருந்தார். பாட்டி அதைப் பார்த்தார், பிறகு காகிதக் கோப்பை கிடந்த முற்றத்தையும் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டியே கேட்டார்:

"கிணத்துல குளிக்க வேண்டியது அவ இல்ல, நான்தான்னு சொல்லுத. அப்படித்தானே?"

"எனக்கும் சேத்துத்தான் பாட்டி. நானும் எத்தனை வருஷமா குளிக்கேன், இன்னும் போவல."

மாசி 20 அன்று நாகராஜா கோவில் திடலிலிருந்து புறப்பட்ட ஊர்வலம் சாமிதோப்பை நெருங்கும் முன்பே அந்தக் குடும்பம் ஆட்டோவில் வந்துவிட்டது. கிணற்றடியில் நல்ல கூட்டம். பேத்தி பிள்ளைக்கும் சேர்த்துக் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு ஒதுங்கி நின்றாள். பாட்டிக்கு வாளியைத் தூக்கத் தெம்பில்லை. மாப்பிள்ளை, பிறர் மதத்துக் காரியத்தில் தலையிடக் கூடாது என்று நினைத்தவர் போல, துண்டையும் பையையும் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், "பாட்டி, நான் ஊத்தட்டா?" என்று கேட்டார்.

"நீ வேண்டாம் மக்கா" என்று அவரை விலக்கிவிட்டு, பாட்டி மாப்பிள்ளையைப் பார்த்துக் கை நீட்டினார். "பையை அங்க வை. இங்க வா. நீ ஊத்து."

அவர் தயங்கினார். பேத்தி பையை வாங்கிக்கொண்டாள். முதல் வாளித் தண்ணீர் விழுந்ததும் குளிரில் பாட்டியின் தோள் ஒருமுறை சிலிர்த்தது. கண்ணைத் திறக்காமலே இரண்டு கையையும் குவித்து முன்னால் நீட்டினார். மாப்பிள்ளை அடுத்த வாளியைச் சாய்த்து அந்தக் கையில் கொஞ்சம் வார்த்தார். பாட்டி அதைக் குடித்துவிட்டு, "இன்னும் ஊத்து" என்றார்.